அதர்ஸ் பட்டன்

நான் எழுதியதிலேயே அழகான கம்ப்யூட்டர் நிரல் என் அம்மாவை மூன்று வெள்ளிக்கிழமை கேட்டுக்கு வெளியே நிறுத்தி வைத்தது. இதை ஆபீஸில் ஒரே ஒருவரைத் தவிர யாருக்கும் நான் சொன்னதில்லை. அந்த நிரலைப் பற்றிப் பேச்சு வந்தால் இன்றும் அங்கே சிலர் கையைத் தட்டுகிறார்கள். நானும் கூடச் சேர்ந்து தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன்.

வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் வைட்ஃபீல்டு பக்கம் மதில் எழுப்பி, பெரிய கேட் போட்டு, நடுவில் நீச்சல் குளம் வைத்த அடுக்குமாடிக் குடியிருப்புகள் நிறைய. வாசலில் செக்யூரிட்டி ஒருவர் டேப்லெட்டோடு நிற்பார். வருகிறவரைப் படம் பிடிப்பார், எந்த வீடு என்று கேட்பார், என்ன வகை என்று ஒரு பட்டனைத் தட்டுவார். டெலிவரி, கேப், கெஸ்ட், வீட்டு வேலை, பிளம்பர். தட்டியதும் உள்ளே விடலாமா கூடாதா என்று திரையில் வரும். அந்தப் பதிலைச் சொல்வது எங்கள் மென்பொருள். "கேட்டுக்கு சாஃப்ட்வேர் எழுதறோம்மா" என்று ஒருமுறை அம்மாவுக்கு விளக்கினேன். அவள் நாங்கள் குடியிருக்கும் காக்ஸ் டவுன் முழுக்க, "எம் புள்ள வாட்ச்மேன் ஆபீஸ்ல பெரிய போஸ்ட்ல கீறான்" என்று பரப்பிவிட்டாள். நான் திருத்தவில்லை. இப்போது யோசித்தால் அவள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

அம்மா வளர்ந்தது தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீட்டில். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக இருபது வீடு. அந்த லைனில் பாவாடை கட்டிய காலத்திலிருந்து அவளுக்கு ஒரு சிநேகிதி. பிறகு இருவருமே பெங்களூர் வந்து சேர்ந்தார்கள், ஆளுக்கொரு மூலையில். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் சிநேகிதிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்தது, கூடவே பேச்சும் போனது. மகள் அவரைத் தன் வைட்ஃபீல்டு வீட்டுக்கு அழைத்துக்கொண்டாள். பகலில் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தாள்.

அம்மா வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு பஸ் மாறி அங்கே போவாள். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்தவர் முதலில் படம் போட்ட அட்டைகளைக் காட்டிப் பார்த்தாராம். ஆப்பிள், யானை, கப்பல். சிநேகிதி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா அந்த அட்டைகளை வாங்கி மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, "ஒண்ணாம் நம்பர் வூட்ல யாருடி?" என்று கேட்டிருக்கிறாள். ரொம்ப நேரம் கழித்து "முட்..." என்று ஒரு சத்தம் வந்தது. முட்டைக்காரம்மா. பக்கவாதத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது. பயிற்சி கொடுப்பவரே, "இனிமே நீங்களே கேளுங்க" என்று சொல்லிவிட்டார்.

அப்படித்தான் லைன் வீடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. இரண்டாம் நம்பர், கல்யாண ஊர்வலத்தில் பேண்டு வாசித்தவர். மூன்றாம் நம்பர், சுரங்கத்துக்குள் மரம் முட்டுக் கொடுத்தவர். சில வீடுகளுக்கு ஒரு மாதம்கூட ஆனது. நாலாம் நம்பர்காரருக்கு இரண்டு பெண்டாட்டி; அந்த வீடு மட்டும் ஒரே நாளில் வந்துவிட்டதாம். பேச்சுப் பயிற்சிக்கு வம்பைப் போல ஒரு மருந்து கிடையாது.

பதினோரு வீடு முடிந்திருந்த நேரத்தில் மகளுக்குப் புனேவுக்கு மாற்றல் வந்தது. தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறாள். இன்னும் நாலு வெள்ளிக்கிழமை. சிநேகிதியின் சொந்த வீடு பதினாலாம் நம்பர். அம்மா சமையல்கட்டில் நின்று விரலை மடக்கினாள்.

"இப்பல்லாம் வாரத்துக்கு ஒண்ணு வருது. பன்னண்டு, பதிமூணு, பதினாலு. ஒரு வாரம் மிச்சம் வேற கீது. அவ வூட்ட அவ வாயால சொல்லிட்டா போதும்டா. அப்பால புனே இன்னா, டில்லி இன்னா."

அந்த நாலில் மூன்றைத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் மென்பொருளின் நடுவில் ஒரு ஸ்விட்ச் இருந்தது. சுவரில் இருக்கும் ஸ்விட்ச் இல்லை, நிரல் எழுதுகிறவர்கள் சொல்லும் ஸ்விட்ச். பஸ் ஸ்டாண்டு விசாரணை கவுன்டரில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊர் என்று கேட்பார். இந்த ஊர் என்றால் அந்தப் பக்கம், அந்த ஊர் என்றால் ஆறு மணிக்கு மேல் என்பார். ஊர் முழுக்க ஓடும் பஸ் எல்லாம் அவர் ஒருவர் தலைக்குள். புதிதாக ஒரு ரூட் வந்தால் அதையும் அந்தத் தலைக்குள்தான் சொருக வேண்டும். சொருகும்போது பழையது ஒன்று நழுவி விழும். எங்கள் ஸ்விட்சும் அதே மாதிரி ஆள்தான். டெலிவரி என்றால் இப்படி, கேப் என்றால் அப்படி என்று இருபத்துமூன்று வகை, தொள்ளாயிரம் வரி. ஒருமுறை மீன்காரருக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை விதியைச் சேர்த்தோம். திங்கட்கிழமை காலை ஸ்கூல் வேன் எல்லாம் கேட்டில் நின்றது.

இதற்கு மருந்து எல்லாருக்கும் தெரியும். கவுன்டர்காரரை எழுப்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஒவ்வொரு பஸ்ஸுக்கும் தன் வழி தனக்கே தெரியும்படி செய்துவிட வேண்டும். ஒவ்வொரு வகைக்கும் தனியாக ஒரு சின்ன நிரல், அதைக் கிளாஸ் என்போம். டெலிவரி என்று ஒரு கிளாஸ், கெஸ்ட் என்று ஒரு கிளாஸ். "உன்னை விடலாமா?" என்று கேட்டால் ஒவ்வொன்றும் தன் பதிலைத் தானே சொல்லும். நாளைக்கு ஒரு புது வகை வந்தால் புது கிளாஸ் ஒன்றை எழுதிப் பக்கத்தில் வைத்தால் போதும். பழைய எதையும் தொட வேண்டாம். பதினெட்டு வருடமாக நான் போன இன்டர்வியூ எல்லாவற்றிலும் இதைச் சொல்லித்தான் வேலை வாங்கியிருக்கிறேன். ஒரு தடவைகூடச் செய்ததில்லை. நீச்சலைப் பற்றிக் கரையிலேயே உட்கார்ந்து பேசிப் பேசி, கோச் என்று பெயர் வாங்கியவன் நான். இந்த முறை குதித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

மூன்று வாரம் எழுதினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அழகாக வந்தது. இருபத்துமூன்று வகைக்கு இருபத்துமூன்று கிளாஸ். ஒவ்வொன்றும் ஒரு திரைக்குள் அடங்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அதைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன், புதுச் செருப்பு வாங்கியவன் காலைப் பார்ப்பது மாதிரி.

ஒன்று மட்டும் மிஞ்சியது. ஸ்விட்ச் என்றால் அதன் அடியில் டிஃபால்ட் என்று ஒன்று இருக்கும். மேலே சொன்ன எந்த வகையிலும் அடங்காதவர் வந்து நின்றால் என்ன செய்வது என்பதை அங்கே எழுதி வைப்பார்கள். எங்களுடையதில் இரண்டே வரி. கேட்டில் நிற்கிற செக்யூரிட்டியைக் கேள். அவர் சொல்கிறபடி செய். டேப்லெட்டில் அதற்கு 'அதர்ஸ்' என்று ஒரு பட்டன். அதை எழுதியது என் பக்கத்து இருக்கையில் இருக்கும் மைசூர்க்காரப் பெண்மணி. எழுதுவதற்கு முன்னால் ஒரு வாரம் நாலைந்து கேட்டுகளில் போய் நின்று பார்த்துவிட்டு வந்து எழுதினாராம்.

என் புது அமைப்பில் அதற்கு இடம் இல்லை. வகையே தெரியாத ஆள் என்று ஒரு ஆள் எப்படி இருக்க முடியும்? அப்படி ஒருவர் வந்தால் 'தெரியாதவர்' என்று அதற்கும் ஒரு கிளாஸ் எழுதிவிட்டால் போயிற்று. எழுதினேன். அவரை விடலாமா? கூடாது. ஏன் கூடாது என்று திரையில் ஏதாவது சொல்ல வேண்டுமே. புதிதாக ஒரு வாக்கியம் என்றால் மூன்று மொழியில் எழுத வேண்டும், மூன்று பேர் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். ஏற்கெனவே கெஸ்ட் வகைக்கு ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. 'வீட்டார் அனுமதி மறுத்துவிட்டனர்.' அதையே எடுத்துப் போட்டேன். ஒரு வாக்கியத்தை இரண்டு இடத்தில் பயன்படுத்தினால் அது சிக்கனம் என்று எனக்கு ஒரு நினைப்பு.

நிரலைப் படித்துப் பார்த்துச் சரி சொல்ல வேண்டியவர் அந்தப் பெண்மணிதான். கடைசி வரை படித்துவிட்டு நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"டிஃபால்ட் எங்க குரு?"

"தூக்கிட்டேன்."

"கேட்ல இருக்கறவங்க அதர்ஸ் பட்டன நெறைய அமுக்கறாங்க."

"அதுதான் பிரச்சினையே. ஒவ்வொருத்தரும் அவங்கவங்க இஷ்டத்துக்கு முடிவு பண்றாங்க. டிஃபால்ட்னா என்ன தெரியுமா? யோசிக்கச் சோம்பல்பட்டவங்க வெக்கற பேரு."

அதை எழுதியவர் அவர்தான் என்பது சொல்லி முடித்த பிறகு ஞாபகம் வந்தது. அவர் சிரித்துவிட்டார். "ஆய்த்து, இருக்கட்டும். சோம்பேறி ஒண்ணு சொல்றேன், கேளு. ஒரு வாரம் அங்க போய் நின்னு பாத்துட்டு வா."

"எனக்கு வெயில் ஒத்துக்காது" என்றேன். அவரும் சரி என்று குறித்துவிட்டார். ஒரு செவ்வாய்க்கிழமை எல்லா கேட்டுக்கும் புது நிரல் போனது. கைதட்டினார்கள், சமோசா வந்தது. கேட்டில் இருந்த டேப்லெட்டுகளில் அதர்ஸ் பட்டன் அப்படியேதான் இருந்தது. அதை எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இனி அதை அமுக்கினால் கிடைப்பது 'தெரியாதவர்', அவ்வளவுதான்.

அந்த வார வெள்ளிக்கிழமை அம்மா வழக்கம்போல மூன்று மணிக்குத்தான் வீடு திரும்பியிருந்தாள். நான் வேலை முடிந்து வந்ததும், "எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன்.

"கீறா."

"பன்னண்டு வந்துச்சா?"

"வரும், வரும்."

நான் போனில் வந்திருந்த வாழ்த்துகளைப் படித்துக்கொண்டிருந்தேன். அடுத்த வெள்ளியும் இதே பேச்சு, இதே போன். மூன்றாவது வெள்ளி நான் கொஞ்சம் உற்சாகமாக இருந்தேன். "பதினாலையும் தாண்டிட்டீங்களா? அப்ப எதிர் லைனுக்குப் போயிடுங்க. அங்க எத்தன பேருக்கு ரெண்டு பொண்டாட்டின்னு பாருங்க" என்றேன். அம்மா சிரித்தாள். என் ஜோக்குக்கு அம்மா சிரிப்பது அபூர்வம். அன்றைக்கு ஏன் சிரித்தாள் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

அதற்கடுத்த புதன்கிழமை, ஆபீஸில், கேட்டில் மறுக்கப்பட்டவர்களின் பட்டியலைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்று ரசிப்பதற்காக. ஒரு இடத்தில் கண் நின்றது. பக்கத்து இருக்கைப் பெண்மணியைக் கூப்பிட்டேன்.

"இத பாருங்க. ஒரே வீடு, ஒரே கேட், மூணு வெள்ளிக்கிழமை. பதினொண்ணு பத்துக்கு டாண்ணு ஒரு ஆன்ட்டி வந்து நிக்கறாங்க. நம்ம சிஸ்டம் மூணு தடவையும் பிடிச்சிடுச்சு."

செக்யூரிட்டி குறிப்பு எழுதும் கட்டத்தில் ஏதோ இருந்தது. முதல் வாரம், 'காக்ஸ் டவுன் அம்மா, ரெகுலர்.' இரண்டாம் வாரம், 'ரெகுலர், விடவும் ப்ளீஸ்.' மூன்றாம் வாரம் இரண்டு ப்ளீஸ்.

"செக்யூரிட்டியையே வசியம் பண்ணிட்டாங்க போல" என்றேன். காக்ஸ் டவுன் என்று படித்த பிறகும் சொன்னேன். காக்ஸ் டவுனில் அம்மாக்களுக்கா பஞ்சம்.

அவர் சிரிக்கவில்லை. "ஃபோட்டோ ஓபன் பண்ணு" என்றார்.

முதல் படத்தில் அம்மா கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பச்சைச் சேலை, கையில் டிபன் பை. இரண்டாவது படத்தில் சிரிப்பு இல்லை. மூன்றாவதில் அவள் கேமராவையே பார்க்கவில்லை. தலையைத் தூக்கி, கேட்டுக்கு உள்ளே, மேலே எங்கேயோ ஒரு மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சவங்களா?"

"எங்கம்மா."

அவர் எழுந்து போய் இரண்டு டீ எடுத்து வந்தார். ஒன்றை என் முன்னால் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கத் தொடங்கினார். அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்மேல் கோபப்பட்டாவது தப்பித்திருப்பேன். அந்த வாய்ப்பையும் தரவில்லை.

வேறு என்ன செய்வது என்று தெரியாததால் எனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தேன். 'தெரிந்தவர்' என்று ஒரு புது கிளாஸ் எழுதினேன். வந்தவர் யார் என்று செக்யூரிட்டிக்குத் தெரிந்தால் விடலாம். அதர்ஸ் பட்டனை அதனோடு இணைத்தேன். பதினைந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பழைய கிளாஸ் ஒன்றில்கூடக் கை வைக்கவில்லை. இன்டர்வியூக்களில் நான் சொல்லிவந்ததெல்லாம் சத்தியம். எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன்.

"இன்னைக்கே போடணும்."

"அடுத்த செவ்வாய்க்கிழமை ரிலீஸ்ல போகட்டுமே. கம்ப்ளெயின்ட் ஏதாவது வந்திருக்கா?"

"இல்ல."

"ஒண்ணுகூட இல்லையா?"

"இல்ல."

"அப்பறம் என்ன அவசரம்?"

புகார் சொல்லும் பட்டன் குடியிருப்பவர்களின் போனில் இருக்கிறது. மறுக்கப்பட்டவர்கள் கேட்டுக்கு வெளியே இருக்கிறார்கள். இதை அவரிடம் சொல்லவில்லை. நிற்பது என் அம்மா என்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே போட்டிருப்பார். வெட்கமாக இருந்தது. பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

அம்மா அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து நேராகக் கேட்டேன். "மூணு வாரமா எங்கம்மா போன?"

முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சர்ச்ல ஒக்காந்துகினு இருந்தேன். ஃபேன் காத்து நல்லா வருது."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"இன்னாத்த சொல்றது? வூட்டுக்காரங்க வேணாண்ட்டாங்க. அந்தத் தம்பியே ஸ்க்ரீன்ல வந்தத படிச்சுக் காட்டுச்சு. அதுக்கே கஷ்டமாப் பூடுச்சு. கெஸ்ட்டுன்னு போட்டுகூடப் பாத்துச்சு, அதுவும் ஆவல."

கெஸ்ட் என்று போட்டால் மகளின் போனுக்கு அழைப்பு போகும். மகள் வேலை செய்வது போனை லாக்கரில் வைத்துவிட்டு உள்ளே போக வேண்டிய இடம். எடுக்காத அழைப்பு ஒரு நிமிஷத்தில் சுவடில்லாமல் மறைந்துவிடும். வீட்டில் இருக்கும் உதவிப் பெண் அனுமதி கொடுக்க முடியாது. அவளே 'வீட்டு வேலை' வகை, அந்த வகைக்கு அந்த உரிமை இல்லை என்று எழுதியதும் நான்தான்.

"அவங்க பொண்ணுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே."

"வேணான்னு சொன்ன வூட்டுக்குப் போன் போட்டு ஏன் வேணான்னு கேக்கச் சொல்றியா?" இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "முன்னயே ஒருக்கா அது சொல்லுச்சு, நீங்க வந்துட்டுப் போனா அம்மா ரொம்ப டயர்டாயிடறாங்க ஆன்ட்டின்னு. நான்தான் புரிஞ்சுக்காம போய்கினு இருந்தேன்னு நெனச்சிகினேன்."

"அம்மா, அவங்க வேணாம்னு சொல்லல. அத சொன்னது நான்."

"நீயா? நீ எதுக்குடா என்ன வேணான்ற?"

விளக்கினேன். ஸ்விட்சிலிருந்து ஆரம்பித்து, பஸ் ஸ்டாண்டு, கவுன்டர்காரர், கிளாஸ் வரை. பதினெட்டு வருடத்தில் நான் கொடுத்த மிக மோசமான இன்டர்வியூ அதுதான். அம்மா பொறுமையாகக் கேட்டாள்.

"செரி, நான் இன்னா வகை?"

"அதுதான்... எதுலயும் வரல."

"அப்ப இத்தினி நாளா எப்படி வுட்டாங்க?"

"வாட்ச்மேன் அவரே பாத்து விட்டுட்டு இருந்தார்."

"அவருக்குத் தெரியுது. உனக்குத் தெரியலயா?"

முறத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கினேன். அது கல் இல்லை, அரிசிதான்.

சாயங்காலம் மகளுக்கு நானே போன் செய்து, ஸ்பீக்கரில் போட்டு அம்மா முன்னால் வைத்தேன். நடந்ததைச் சொன்னதும் அந்தப் பக்கம் குரல் உடைந்துவிட்டது.

"ஐயோ ஆன்ட்டி, நான் எங்க வேணாம்னு சொன்னேன்? வெள்ளிக்கிழமையானா அம்மா வாசல் கதவையே பாத்துட்டு இருக்காங்க. நீங்கதான், சரி, எப்படியும் போகப்போறாங்க, எதுக்கு அலையணும்னு விட்டுட்டீங்கன்னு நெனச்சேன். ரெண்டு பஸ்ஸு மாறி வர்றீங்க. ஏன் வரலன்னு நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டுக் கேக்கறது?"

"நான் வுடுவனா? நாள மறுநா வரேன்மா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "நாளைக்கு மத்தியானமே கெளம்பறோம் ஆன்ட்டி. டிக்கெட் மாறிடுச்சு. காலைல சாமான் ஏத்த வர்றாங்க. சீக்கிரம் வந்துடுங்க" என்றாள்.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு அம்மாவோடு போனேன். கேட்டில் அந்தச் செக்யூரிட்டிக்காரர் எங்களைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தார். மாலூர் பக்கத்து ஆள். தமிழும் கன்னடமும் ஒரே மூச்சில் வரும்.

"பன்னி அம்மா, பன்னி, வாங்க வாங்க! இன்னைக்காவது அந்த ஆப்பு வுடுதா பாப்போம்."

விடவில்லை. காலி செய்யும் வீடு என்று குறித்துவிட்டால் அன்று காலை ஒன்பது மணியோடு அந்த வீட்டாரின் கணக்கு மூடப்படும். அதற்குமேல் அந்த வீட்டுக்குச் சாமான் ஏற்றுகிறவர்கள் மட்டும்தான் போகலாம். மிகவும் நேர்த்தியான கிளாஸ். என்னுடையதுதான்.

செக்யூரிட்டி டேப்லெட்டை உதறினார். "வயசானவங்கள வெயில்ல நிக்க வெக்குது. இத செஞ்சவன் மட்டும் ஒரு நாள் என் கையில கெடச்சா..."

"கெடச்சிட்டான்பா" என்றாள் அம்மா, என்னைக் காட்டி. "இதோ நிக்கறான். பேசு."

அவர் என் கழுத்தில் தொங்கிய ஆபீஸ் அட்டையைப் பார்த்தார். லீவு நாளில் அதை ஏன் மாட்டிக்கொண்டு போனேனோ. நான் திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அவர் திட்டவில்லை. டேப்லெட்டைப் பார்த்து யோசித்தார்.

"மூவர்ஸ்ல எட்டு பேருன்னு போட்டிருக்கு. நான் பத்துன்னு மாத்திடறேன். அம்மா ஒம்போது, சார் பத்து. போங்க, போங்க."

இப்படியாக என் அம்மா சாமான் தூக்கும் ஆளாக உள்ளே போனாள். நானும் தூக்கும் ஆள். எங்களைப் படம் பிடித்தபோது அம்மா கேமராவைப் பார்க்கவில்லை.

ஏழாவது மாடியில் வீடு பாதி காலியாகியிருந்தது. ஹாலின் நடுவில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே, சக்கர நாற்காலியில் சிநேகிதி. பயணத்துக்காகப் புதுச் சேலை கட்டிவிட்டிருந்தார்கள். அம்மாவைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மகள், "அம்மா, யாரு வந்திருக்காங்க பாரு" என்று நாற்காலியைத் திருப்பினாள். அவர் மறுபடி தலையை மட்டும் திருப்பிக்கொண்டார்.

அம்மா ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்தாள். "ஒண்ணாம் நம்பர் வூட்ல யாருடி?"

பதில் இல்லை.

"முட்டைக்காரம்மாடி. மறந்துட்டியா? ரெண்டாம் நம்பர்ல?"

அதையும் அம்மாவே சொன்னாள். மூன்றாம் நம்பருக்கு உதடு அசைந்தது. நாலாம் நம்பர் வழக்கம்போல வந்துவிட்டது, ஆனால் சிரிப்பில்லாமல். ஐந்து வந்தது. ஆறுக்கு ரொம்ப நேரம் ஆனது. ஆட்கள் பீரோவை வாசல் தாண்டி இறக்கும்வரை நாங்கள் காத்திருந்தோம். வந்தது. அம்மா என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பன்னிரண்டுக்கு எவ்வளவு நேரம் என்று அவள் கணக்குப் போடுவது தெரிந்தது.

"ஏழாம் நம்பர்ல யாரு?"

ஏழு எங்கள் அம்மாவின் வீடு. எல்லா வெள்ளிக்கிழமையும் அந்த நம்பர் வந்ததும் சிநேகிதி இடது கை விரலால் அம்மாவின் மார்பில் குத்தி "நீ" என்பாராம். அம்மா வலித்த மாதிரி நடிப்பாளாம். அன்று அவர் விரலைத் தூக்கவில்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தெளிவாகச் சொன்னார்.

"வரல."

"வந்துட்டேன்டி. இதோ பாரு, வந்துகினுதான் கீறேன்."

"வரல."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஆன்ட்டி, இது புது வார்த்தை! இதுவரைக்கும் லைன் ஆளுங்க பேரத் தவிர அம்மா எதுவுமே சொன்னதில்ல" என்று போனை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினாள். "இன்னொரு தடவ கேளுங்க ஆன்ட்டி." கண்ணெல்லாம் தண்ணீர், சந்தோஷம். அம்மா இன்னொரு தடவை கேட்கவில்லை. சிநேகிதியின் விழுந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொல்ல வேண்டியவன் நான்தான். பெரியம்மா, அவங்க வந்தாங்க, மூணு வாரமும் வந்து கீழ நின்னாங்க என்று. ஒரு அடி முன்னால் வைத்தேன். அதற்குள் ஒருவர் வந்து, "அம்மா, அந்தப் பெட்டி" என்றார். அம்மா எழுந்தாள். கீழே கார் வந்துவிட்டது என்று செக்யூரிட்டியிடமிருந்து போன் வந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில், "தப்பு என்மேலதாம்மா" என்றேன். "ஜன்னல மூடு, தூசி வருது" என்றாள்.

செவ்வாய்க்கிழமை 'தெரிந்தவர்' கிளாஸ் எல்லா கேட்டுக்கும் போனது. பிழையில்லாமல் வேலை செய்கிறது. ஸ்விட்சை எடுத்ததால் என்ன லாபம் என்று புதிதாகச் சேர்கிறவர்களுக்குச் சொல்லும்போது மேனேஜர் இதைத்தான் உதாரணம் காட்டுகிறார்: பதினைந்து நிமிஷத்தில் ஒரு புது வகை, பழைய வரி ஒன்றைக்கூடத் தொடாமல். மைசூர்க்காரப் பெண்மணி அப்போது என்னைப் பார்க்காமல் இருப்பதற்காகத் தன் போனைப் பார்ப்பார்.

புனேவிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் போன் செய்து, அவள் அம்மா காதில் வைக்கிறாள். எங்கள் அம்மா ஹாலில் உட்கார்ந்து சத்தமாகக் கேட்பாள். ஒண்ணாம் நம்பர், ரெண்டாம் நம்பர். அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று எனக்குக் கேட்காது. சில நம்பருக்கு அம்மா "ஆங், அதேதான்" என்பாள். சிலவற்றுக்குத் தானே பதில் சொல்லிக்கொள்வாள். நான் உள்அறையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருப்பேன். ஆறு முடிந்ததும் அம்மா ஒரு மூச்சு நிறுத்துவாள். பிறகு, "எட்டாம் நம்பர் வூட்ல யாருடி?" என்பாள்.